தாயின் வயிற்றில் இருவரையும் அளக்க வழிசெய்தவர்
பேராசிரியர் இயன் டொனால்ட்

"ஸ்கான்" என்ற சொல்லை அறியாத கர்ப்பிணித் தாய் இன்று நம்மிடையே இல்லை என்றே சொல்லலாம். கிளினிக்குக்குப் போய் வருபவள், பிள்ளையின் தலை இவ்வளவு, நிறை இவ்வளவு என்று எழுதிய தாளோடு வீடு திரும்புகிறாள். இரட்டைப் பிள்ளைகளாயின் ஆளுக்கொன்றாக இரண்டு கணக்கு. வாசகரே, இந்தக் கணக்கு எங்கே தொடங்கியது என்று நீங்கள் கேட்டால், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குத்தான் உங்களை அழைத்துச் செல்ல வேண்டும்.

அந்நாட்டிலும் ஒரு காலத்தில் வைத்தியரின் கைகளும், அளவு நாடாவும், வயிற்றில் வைத்துக் கேட்கும் குழலுமே துணையாயிருந்தன. எக்ஸ்-றே படத்தில் இரண்டு எலும்புக் கூடுகள் தெரியும். இருவர் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அக்கதிர்கள் பிற்காலத்தில் பிள்ளைக்குப் புற்றுநோயைத் தரலாம் என்ற எச்சரிக்கையை ஒக்ஸ்போர்ட்டில் அலிஸ் ஸ்ருவேட் அம்மையார் 1956ல் வெளியிட்டார். எனவே அடிக்கடி படமெடுத்து வளர்ச்சியை அளக்க வழியில்லை. நாடாவோ இருவரின் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். ஒரு பிள்ளை செழித்து மற்றது நலிந்துகொண்டிருந்தாலும் வயிறு பெருத்துக்கொண்டே போகும். நலிந்த பிள்ளையின் நிலை பிறப்பன்றுதான் தெரியவரும். சில வேளை அது இறந்தே பிறக்கும்.

இந்நிலையை மாற்ற வழிகாட்டியவர் 1910ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி இங்கிலாந்தின் கோர்ன்வாலில் பிறந்தார். தந்தை ஸ்கொட்லாந்துக் குடும்பத்து வைத்தியர். தாய் பியானோ வாசிப்பதில் வல்லவர். குடும்பம் தென்னாபிரிக்காவில் குடியேறியது. 1927ல் வீட்டினுள் தொண்டைக்கரப்பன் நோய் நுழைந்தது. தாய் இறந்தார், மூன்று மாதத்துக்குள் தந்தையும் போய்விட்டார். பதினாறு வயதில் பெற்றோரை இழந்த இளைஞன் இங்கிலாந்து திரும்பி, இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் படித்து 1937ல் வைத்தியரானான். போர்க்காலத்தில் விமானப்படையில் சேவை செய்தபோது, குண்டுகளோடு தீப்பற்றி எரிந்த விமானமொன்றுக்குள் புகுந்து வீரர்களை மீட்டதற்காக எம்.பி.ஈ. விருதும் கிடைத்தது. எடுத்த காரியத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் சுபாவம் அவருடையது. நண்பர்கள் அவரைப் பைத்தியக்கார டொனால்ட் என்றே வேடிக்கையாக அழைத்தனர்.

1954ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுப் பேராசிரியரானார். விமானப்படையில் இருந்தபோதே றேடார் போன்ற கருவிகளில் அவருக்கு ஆர்வம் பிறந்திருந்தது. கிளாஸ்கோ கப்பல்களும் கொதிகலன்களும் செய்யும் ஊர். அங்கே உலோகத்தினுள் மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்க, காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே செலுத்தி, அது திரும்பும் எதிரொலியைத் திரையில் பார்ப்பார்கள். ஒலி போய்வரும் நேரத்தைக் கொண்டு வெடிப்பு எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கணிக்கலாம். உலோகத்துக்கு ஆகுமென்றால் உடலுக்கு ஏன் ஆகாது?

1955 ஜூலை 21ஆந் திகதி, சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகளை இரண்டு கார்களில் ஏற்றிக்கொண்டு, அருகிலுள்ள றென்புறூவில் இயங்கிய கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் வைக்கப்பட்டது. நீர்க்கட்டி ஒருவிதமாகவும் சதைக்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலி தந்தன. தொழிலாளர் என்ன நினைத்தார்களோ! பேராசிரியரோ மனநிறைவோடு திரும்பினார்.

அதன் பின் நடந்ததில் பெரும்பங்கு ரொம் பிறவுண் என்ற இளம் பொறியியலாளருடையது. அக்கருவிகளைத் தயாரித்த கெல்வின் அன்ட் ஹியூஸ் நிறுவனத்தில் அவர் வேலை செய்தார். யாரோ ஒரு பேராசிரியர் உலோகக் கருவியை மனிதரில் வைத்துப் பார்க்கிறாராம் என்று கேள்விப்பட்டு, தாமே தொலைபேசியில் அழைத்துத் தேடிப் போனார். வயிற்றின் மேல் கருவியை நகர்த்தினால் உள்ளேயுள்ளது படமாக விழும் பொறியை அமைத்தவர் அவரே. டொனால்டைப் போற்றுவோர் பிறவுணை மறந்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆரம்பத்தில் சக வைத்தியர்கள் சிரித்தார்கள். வயிறு வீங்கிய ஒரு பெண்ணுக்கு, குணமாக்க முடியாத இரைப்பைப் புற்றுநோய் என்று தீர்ப்புச் சொல்லப்பட்டிருந்தது. டொனால்டின் கருவி அது சூலகத்தில் வளர்ந்த பெரிய நீர்க்கட்டி என்று காட்டியது. கட்டி அகற்றப்பட்டது, பெண் பிழைத்தார். அதன் பின் சிரிப்பு அடங்கியது. 1958 ஜூனில் டொனால்ட், மக்விக்கர், பிறவுண் மூவரும் எழுதிய கட்டுரை லான்செற் சஞ்சிகையில் வெளியாயிற்று.

சிசுவின் மண்டையோடு தெளிவான எதிரொலி தருவதைக் கண்டதும் அளவெடுக்கும் வேலை தொடங்கியது. டொனால்டின் சகாவான ஜேம்ஸ் வில்லொக்ஸ் தலையின் குறுக்களவை மீண்டும் மீண்டும் எடுத்து வளர்ச்சியைக் கவனித்தார். ஸ்ருவேட் கம்பெல் 1968ல் அம்முறையைத் திருத்தமாக்கினார். ஆனால் தலை மட்டும் போதாது. உணவு குறைந்த சிசு மூளைக்கே குருதியை முதலில் அனுப்புகிறது. ஈரலில் சேமிப்புக் குறைய வயிறு ஒடுங்குகிறது. ஆகவே 1975ல் கம்பெலும் வில்கினும் வயிற்றின் சுற்றளவைக் கொண்டு நிறையைக் கணிக்கும் வழியைக் காட்டினர்.

இரட்டையர் விடயத்தில் இந்த அளவுகளே உயிர்நாடி. முதல் மூன்று மாதத்துக்குள் வைத்தியர் தேடுவது, இருவருக்கும் நஞ்சு ஒன்றா இரண்டா என்பதை. இரண்டாயின் இங்கிலாந்தில் நான்கு வாரத்துக்கொரு முறை வளர்ச்சியை அளக்கிறார்கள். ஒன்றாயின் பதினாறாம் வாரம் முதல் இரு வாரத்துக்கொரு முறை. ஏனெனில் அங்கே குருதிக் குழாய்கள் இணைந்து, ஒருவரின் குருதி மற்றவருக்குப் போய்விடக்கூடும். அப்போது ஒரு பிள்ளையைச் சுற்றி நீர் மிகும், மற்றதற்கு வற்றும். கடுமையாயின் அக்குழாய்களை லேசர் கதிரால் மூடுகிறார்கள். நிறை வித்தியாசமும் கணக்கிடப்படும். ஒரு பிள்ளை 1600 கிராம், மற்றது 1200 கிராம் என்றால், குறைவு பெரியதன் நிறையில் நூற்றுக்கு 25. அந்த அளவு வந்துவிட்டால் சிறப்பு வைத்தியரிடம் உடனே காட்ட வேண்டும். ஸ்கான் ஒரு தராசு அல்ல. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கூடக் குறையலாம். அதனால்தான் ஒரு தடவையோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்ப அழைக்கிறார்கள். "போன முறைதானே பார்த்தது" என்று சலித்துக்கொள்ளும் தாய்மாருக்கு இதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

டொனால்ட் கத்தோலிக்கர் அல்லர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுள்ளவர். கருக்கலைப்புக்கு இடமளித்த 1967ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். கருவில் அசையும் சிசுவின் படங்களை மக்களுக்குக் காட்டினார். அதே கருவி கருவைக் கலைக்கத் தீர்மானிப்போர் கையிலும் போய்ச் சேர்ந்தது.

அவருடைய சொந்த இதயமோ பழுதுபட்டிருந்தது. 1961 முதல் மூன்று முறை இதயத்தில் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. இடையிடையே வேலைக்குத் திரும்பினார். 1964ல் கிளாஸ்கோவில் திறக்கப்பட்ட குயின் மதர்ஸ் மகப்பேற்று வைத்தியசாலை அவரது விடாமுயற்சியின் பலன். 2010 வரை அங்கே பிள்ளைகள் பிறந்தனர். 1976ல் ஓய்வுபெற்று, எசெக்ஸ் மாவட்டத்தின் பகிள்ஷம் கிராமத்தில் குடியேறி, 1987 ஜூன் 19ஆந் திகதி எழுபத்தாறாவது வயதில் காலமானார். அவ்வூர்ப் புனித இராயப்பர் ஆலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.