புதர்ப்பறவைக்குப் பெயர் தந்தவர்

ஐப்பசி மழையில் கரிசல் மண் குளிர்ந்து, கம்பும் பருத்தியும் தழைக்கும் காலத்தில், பாஞ்சாலங்குறிச்சியைச் சூழ்ந்த வறள்நிலப் பகுதிக்குச் சிறுபறவைகள் சில வடக்கிலிருந்து வலசை வருகின்றன. மண்ணிறம் கொண்ட ஒன்று வேலிப்புதருக்குள் மறைந்திருந்து டக், டக் என ஒலிக்கும். பசுமை படர்ந்த மற்றொன்று வேம்பிலும் புளியிலும் இருந்து சி-வீ என ஈரசையில் கூவும். முன்னது பிளைத் நாணல் கதிர்க்குருவி. பின்னது பச்சை இலைக் கதிர்க்குருவி. இவ்விரண்டையும் அறிவியல் உலகிற்குப் பெயரிட்டு விளக்கியவர் எட்வர்டு பிளைத்.

இளமையும் நாட்டமும்

பிளைத் 1810 டிசம்பர் 23 அன்று இலண்டனில் பிறந்தார். 1820இல் தந்தையை இழந்தார். வளர்ந்தபின் மருந்துக்கடை ஒன்றை நடத்தினார். எனினும் அவருடைய உள்ளம் பறவைகளிடமே இருந்தது, கடை நொடித்தது. கில்பர்ட் ஒயிட் எழுதிய செல்போர்ன் இயற்கை வரலாறு என்னும் நூலை 1836இல் பதிப்பித்தார். தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்பட்ட கதிர்க்குருவிகளை, அவற்றின் பாட்டு வேறுபாட்டைக் கொண்டு மூன்று இனங்கள் எனப் பிரித்தறிந்தவர் ஒயிட். கண்ணுக்குப் புலப்படாத வேற்றுமை செவிக்குப் புலப்படும் என்னும் பாடம் அந்நூலில் இருந்தது.

கல்கத்தா வாழ்வு

1841இல் கல்கத்தா ஆசியவியல் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பொறுப்பேற்றார். ஊதியம் குறைவு, இருபது ஆண்டுகளாகியும் அது உயரவில்லை. ஆயினும் உழைப்பில் அவர் குறைவைக்கவில்லை. பச்சை இலைக் கதிர்க்குருவியை 1843இலும், புதருக்குரியது எனப் பொருள்படும் பெயரிட்டு நாணல் கதிர்க்குருவியை 1849இலும் விளக்கினார். டார்வினுக்குத் தொடர்ந்து மடல்கள் வழியே செய்திகள் அளித்தார். 1859இல் வெளியான உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலில் டார்வின் அவரை மதிப்புடன் குறிப்பிட்டுள்ளார். 1854இல் மணந்த மனைவியை 1857இல் இழந்த துயரம் பிளைத்தின் உடல்நலத்தையும் குலைத்தது. 1862இல் இந்தியாவை விட்டு நீங்கிய அவர், 1873 டிசம்பர் 27 அன்று மறைந்தார்.

பாட்டு வரைந்த எல்லை

பிளைத் பெயரிட்ட பச்சைக் கதிர்க்குருவி, பின்னாளில் பெரும் அறிவியல் வினா ஒன்றிற்கு விடைதேட உதவியது. திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி இப்பறவையின் வகைகள் வளையம்போல் வாழ்வதை 1938இல் டைஸ்ஹர்ஸ்ட் என்பவர் எடுத்துரைத்தார். இமயமலையில் எளிமையாகவும் குறுகியும் உள்ள பாட்டு, மேற்கு வழியாகவும் கிழக்கு வழியாகவும் வடக்கு நோக்கிச் செல்லச்செல்லப் படிப்படியாக நீண்டு சிக்கலாகிறது. ஆனால், இரு வழிகளிலும் அது வெவ்வேறு முறையில் மாறுகிறது. நடுச் சைபீரியாவில் இரு கிளைகளும் சந்திக்கும்போது, ஒன்றன் பாட்டை மற்றொன்று தன்னினத்தின் பாட்டாக ஏற்பதில்லை. இரண்டும் பெரும்பாலும் கலந்து இனம்பெருக்குவதுமில்லை. ஒலிப்பதிவுகளை இசைத்துக்காட்டி அறிந்த இம்முடிவுகள் 2001இல் வெளிவந்தன. ஓரினம் எவ்வாறு ஈரினமாகப் பிரிகிறது என்பதைக் காலத்தில் அன்றி நிலப்பரப்பிலேயே காண இப்பறவை வழிசெய்தது.

பதப்படுத்திய உடல்களைக் கொண்டே பிளைத் தம் ஆய்வின் பெரும்பகுதியைச் செய்தார். சைபீரியக் காடுகளின் பாட்டைக் கேட்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. அவர் பெயரிட்டது மேற்குக் கிளைப் பறவைக்கே. தென்னிந்தியாவில் குளிர்காலத்தைக் கழிப்பவை பெரும்பாலும் அக்கிளையைச் சேர்ந்தவை. கரிசல் நிலத்தில் ஈரசையில் அழைக்கும் அச்சிறுபறவை, கோடை முற்றுமுன் வடக்கே திரும்பித் தன் நெடும்பாட்டைப் பாடத் தொடங்கும்.