பல்லாவரத்துச் செம்மண்ணும் பூட் துரையும்

திருநீர்மலைக்குக் கிழக்கே அணித்தாயுள்ள பல்லாவரத்தில், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், படைப்பயிற்சி வெளியிற் சரளை தோண்டிய குழியருகே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார் ராபர்ட் புரூஸ் பூட். இந்தியாவிற் பழைய கற்காலத்ததென முதன்முதல் அறியப்பட்டது இதுவே என்பர். 1834-இல் இங்கிலாந்தின் செல்ட்னம் நகரிற் பிறந்த அவர், 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்தவர்.

கருவியினும் அது கிடந்த மண்ணே பெரிதென்பது எம் கருத்து. தோண்டியெறிந்த சரளையிற் கிடந்த கல்லின் வயதை எவரும் ஐயுறலாமன்றோ? அவ்வாண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்து ஓடைக்குச் சென்றபோது, செம்பூராங்கற் படுகையினுள்ளேயே கருவிகள் பதிந்திருக்கக் கண்டார், ஐயம் அகன்றது.

செம்பூராங்கல்லோ, வெறும் கல்லன்று. மழையும் வெம்மையும் மாறிமாறித் தாக்கப் பாறை சிதைந்து, சிலிக்கா கரைந்தோட, இரும்பும் அலுமினியமும் எஞ்சி இறுகியது. பண்டைத் தட்பவெப்பத்தைத் தன்னுட் பொதிந்து வைத்திருப்பது. இக்கரையோரப் படுகையைக் கடல் படிவித்ததென்றே பூட் முதலிற் கொண்டார். பின்வந்தோர் அதனை ஏற்றிலர். ஆயினும் மண்ணைக் கொண்டே நிலத்தின் பழைய கோலத்தை அறியவேண்டுமென்ற அவர் வழி பிழைபட்டதன்று. அத்திரம்பாக்கத்தின் அடிப்படுகைக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையனவென 2011-இல் வெளியாயிற்று.

திருநெல்வேலிச் செம்மணல் தேரிகளையும் அவர் ஆராய்ந்தெழுதினார். 1891-இல் ஓய்வுபெற்றார். அவர் திரட்டியவற்றைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிற்று. 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவிற் காலமானார். எக்கல் எவ்விடத்ததெனக் குறித்து அவர் எழுதிய அட்டவணை 1914-இலேதான் அச்சேறியது.