சேவை எப்போது சிறையாகிறது? பூத் டக்கரின் வாழ்க்கை எழுப்பும் கேள்வி

திருச்சபைகளின் பணத்தில் நடைபெறும் ஏழையர் பணிகள் குறித்து நம்மிடையே இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. கல்வியும் மருத்துவமும் தந்தவர்கள் என்று ஒரு தரப்பு நன்றி பாராட்டுகிறது. மதமாற்றச் சூழ்ச்சி என்று மறுதரப்பு பழிக்கிறது. உதவி பெற்ற மனிதரின் உரிமை என்னவாயிற்று என்று இரு தரப்பும் கேட்பதில்லை. அக்கேள்வியோடு நாம் வாசிக்க வேண்டிய வாழ்க்கை, இந்தியாவில் இரட்சணிய சேனையைத் தொடங்கிய ஃபிரெடெரிக் பூத் டக்கருடையது.

1853இல் பீகாரின் மோங்கிரில் பிறந்த டக்கர், இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து பஞ்சாபில் பணியாற்றினார். 1881இல் அப்பதவியைத் துறந்து, லண்டன் ஏழையரிடையே வில்லியம் பூத் நடத்திவந்த சேனையில் இணைந்தார். 1882 செப்டம்பரில் மூன்று தோழர்களுடன் பம்பாயில் இறங்கினார். காவியுடுத்தி, வெறுங்காலுடன் நடந்து, பிச்சையேற்று உண்டு, ஃபக்கீர் சிங் என்று பெயர் பூண்டார். தெருவில் ஊர்வலம் சென்றதற்காகப் பம்பாய்க் காவல்துறை சேனையினரைக் கைது செய்தது. 1888இல் பூத்தின் மகள் எம்மாவை மணந்து, அக்குடும்பப் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

சேனை தெற்கே திருவிதாங்கூர்வரை பரவியது. ஊர்க்கிணற்றுக்கும் பள்ளிக்கும் அண்ட முடியாதிருந்த மக்கள் அதில் திரளாகச் சேர்ந்தனர். நாகர்கோவிலில் உள்ள கேத்தரின் பூத் மருத்துவமனை அவருடைய மாமியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் ஒரு வாரம் தம் செலவைச் சுருக்கி இங்கிலாந்துச் சேனையினர் சேர்த்த காசு இப்பணிகளுக்கு உதவியது. இக்கொடையின் பயனை நாம் மறுக்கவில்லை.

அமெரிக்காவில் நகர ஏழைகளுக்கு வேளாண் குடியேற்றங்கள் அமைத்த டக்கர், 1903இல் எம்மாவை ரயில் விபத்தில் இழந்தார். 1907இல் இந்தியா திரும்பினார். மறு ஆண்டு, ஐக்கிய மாகாண அரசின் ஆதரவுடன் கோரக்பூரில் டோம் மக்களுக்கான குடியிருப்பு சேனையின் பொறுப்பில் வந்தது. அரசின் நிலமும் மானியமும் கிடைக்க, இத்தகைய குடியிருப்புகள் பெருகின. சென்னை மாகாணத்தில் குண்டூர் மாவட்டத்து ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் பெயர் பெற்றது.

இவற்றுக்கு அடித்தளம் 1871இலும் 1911இலும் இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டங்கள். ஒரு சமூகத்தையே குற்றவாளி என அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கவியலாது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. உப்பும் தானியமும் சுமந்து விற்ற குறவர்களின் வாழ்வை ரயில் பாதையும் அரசின் உப்பு ஏகபோகமும் சிதைத்தன. பிழைப்பைப் பறித்த அதே அரசு அவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்றது.

சேனை தறியும் கல்வியும் தந்தது. சிலருக்கு நிலமும் கிடைத்தது. ஆனால் வருகைப் பதிவும் வெளியே செல்ல அனுமதிச் சீட்டும் அதனுடனேயே வந்தன. ஸ்டூவர்ட்புரத்தவரின் உழைப்பு சீராலாவின் புகையிலை ஆலைக்குப் போயிற்று. தெருவில் நடந்ததற்காகக் கைதானவர்களின் தலைவர், பிறர் நடமாட்டத்துக்குச் சீட்டு வழங்கும் அமைப்பின் தலைவரானார். 1913இல் அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. 1919இல் இந்தியாவை விட்டுச் சென்ற அவர், 1929இல் லண்டனில் மறைந்தார்.

டக்கரின் துறவு போலியானது என்று நாம் கருதவில்லை. வறுமையைத் தனிமனிதரின் ஒழுக்கக் குறையாகக் கண்டதே அவரது பணியின் பிழை. குறை மனிதரிடம் என்று முடிவு செய்துவிட்டால், திருத்துவதற்காகப் பூட்டிவைப்பதும் அன்பாகவே தோன்றிவிடும். குற்றம் சட்டத்தில் இருந்தது. அச்சட்டத்தை எதிர்க்க வேண்டிய திருச்சபை அதன் காவலாளியாயிற்று.

குற்றப்பரம்பரைச் சட்டம் 1952இல் நாடு முழுவதும் நீங்கியது. வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் அதன் நிழல் மாநிலச் சட்டங்களில் தங்கியது. சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த 2024 அக்டோபர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இதைச் சுட்டியது. ஆகவே, விடுதியோ மறுவாழ்வு இல்லமோ, திருச்சபை நடத்தினாலும் அரசு நடத்தினாலும், நாம் கேட்க வேண்டியவை மூன்று: உள்ளிருப்பவர் விரும்பியபோது வெளியேற முடியுமா? உழைப்புக்கு முழுக்கூலி பெறுகிறாரா? நடத்துபவரை எதிர்த்து நீதிமன்றம் செல்ல அவருக்கு வழியுண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை வராத இடத்தை, எத்தனை கனிவோடு நடத்தினாலும், சேவை என ஏற்க இயலாது.