3 முறை உலக சாம்பியன். கடைசியில் கையில் சில நூறு டாலர்: டெக்சாஸ் ஹோல்டெம் ஜாம்பவான் ஸ்டூ அங்கரின் கதை

உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 3 முறை வென்றவர் ஸ்டூ அங்கர். மூன்றாவது முறை கிடைத்த பரிசு மட்டும் 10 லட்சம் டாலர். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டே, லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்து கிடந்தார். யார் இவர்? அவர் ஜெயித்த டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது? பார்க்கலாம்.

ரம்மியில் தொடங்கிய ஆட்டம்

1953-ல் நியூயார்க்கில் பிறந்தார் அங்கர். அப்பா மது விடுதி நடத்தியவர், கூடவே பந்தயம் பிடிக்கும் புக்கி. பதின்ம வயதிலேயே அப்பா இறந்துவிட, அங்கருக்குச் சீட்டாட்டமே பிழைப்பானது.

அவருக்குக் கைவந்தது ஜின் ரம்மி. நம்ம ஊர் ரம்மிக்குச் சொந்தக்கார ஆட்டம்தான். எதிராளி எதை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார் என்பதை வைத்தே அவர் கையில் என்ன இருக்குன்னு கணக்குப் போட்டுவிடுவார். அபார ஞாபகசக்தி. 1970-களின் கடைசியில் லாஸ் வேகாஸ் வந்தார். அவரோடு ஜின் ஆடினால் தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும், ஆட ஆளே கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் போக்கர் பக்கம் திரும்பினார்.

ஆட்டம் எப்படி?

டெக்சாஸ் ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு ரகசியமாகக் கொடுக்கப்படும். பிறகு மேசை நடுவில் 5 பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். முதலில் 3 சேர்ந்து, அடுத்து 1, கடைசியாக 1. மொத்தம் 7 சீட்டில் சிறந்த 5-ஐ வைத்து வெற்றி முடிவாகும்.

ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, ஸ்ட்ரெயிட், ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸ் என மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ஸ்ட்ரெயிட் என்றால் வரிசையாக 5 எண்கள். ரம்மி சீக்வென்ஸ் மாதிரிதான், ஆனால் ஒரே ஜாதியாக இருக்க வேண்டியதில்லை.

2 சீட்டு வந்ததும் ஒரு சுற்று, பொதுச் சீட்டு திறக்கத் திறக்க மூன்று சுற்று என நான்கு முறை பந்தயம் நடக்கும். பிடிக்கவில்லை என்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். நோ லிமிட் ஆட்டத்தில் முன்னால் இருக்கும் மொத்தக் காசையும் ஒரே அடியாக வைக்கலாம். அதுதான் ஆல்-இன்.

1980: புதுமுகம் ஜெயித்த கதை

அந்த ஆண்டு உலகத் தொடரில் இறங்கியபோது ஹோல்டெம் அங்கருக்குப் புதுசு. இறுதியில் எதிரே இருந்தவர் டாய்ல் புருன்சன். ஏற்கனவே 2 முறை சாம்பியன். போக்கர் உத்திகளைப் பற்றிப் புத்தகமே போட்டவர்.

கடைசி ஆட்டத்தில் அங்கர் கையில் 5, 4. புருன்சன் கையில் ஏஸ், 7. முதல் மூன்று பொதுச் சீட்டுகள் ஏஸ், 7, 2. புருன்சனுக்கு இரண்டு ஜோடி, வலுவான கை. அங்கருக்கு ஒரு 3 வந்தால் மட்டுமே ஏஸ்-2-3-4-5 ஸ்ட்ரெயிட் கிடைக்கும். அடுத்த சீட்டிலேயே அது வர வாய்ப்பு சுமார் 11-ல் ஒன்றுதான்.

அப்புறம் ஏன் விலகவில்லை? நோ லிமிட் உத்தியே அங்கேதான் இருக்கு. 3 வந்துவிட்டால், இரண்டு ஜோடி வைத்திருப்பவர் கையை எளிதில் விடமாட்டார். அவருடைய மொத்தக் காசும் வரும். அடுத்த சீட்டே 3. புருன்சன் விடவில்லை. 26 வயதில் அங்கர் உலக சாம்பியன். 1981-லும் பட்டத்தைத் தக்கவைத்தார்.

1990: காலி நாற்காலி

ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டு போடுபவருக்கு அடுத்த இருவர் கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். இதற்கு பிளைண்ட் என்று பெயர். ஆளே இல்லாவிட்டாலும் இது கழியும்.

1990 போட்டியில் அங்கர் பெரிய அளவில் முன்னிலையில் இருந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. அதிகப்படியான போதைப்பொருளால் விடுதி அறையில் மயங்கிக் கிடந்தார். அவருடைய காசுக் குவியல் மட்டும் மேசையில் இருந்தது. பிளைண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தும் அது 9-ம் இடம் வரை போய், 25,050 டாலர் பரிசு வாங்கித் தந்தது.

1997: திரும்பி வந்தவர்

அதன்பிறகு கடனாளியானார். 1997-ல் நுழைவுக் கட்டணமான 10,000 டாலரைக் கட்டியவர் சக ஆட்டக்காரர் பில்லி பாக்ஸ்டர். மகளின் புகைப்படத்தோடு மேசையில் உட்கார்ந்தார் அங்கர்.

மொத்தம் 312 பேர். கடைசி ஆட்டத்தில் அங்கரிடம் ஏஸ், 4; ஜான் ஸ்ட்ரெம்ப்பிடம் ஏஸ், 8. பொதுச் சீட்டில் ஒரு ஏஸ் வந்ததால் இருவருக்கும் ஏஸ் ஜோடி. அப்படிச் சமமாக இருந்தால் கூட இருக்கும் சீட்டுதான் தீர்மானிக்கும். 8 வைத்திருந்த ஸ்ட்ரெம்ப்தான் முன்னிலை. கடைசிச் சீட்டு 2. மறுபடியும் அதே ஏஸ்-2-3-4-5! 16 ஆண்டுகள் கழித்து அங்கருக்கு மூன்றாவது பட்டம்.

விட முடியாமல் போனது எது?

பரிசில் பாதி பாக்ஸ்டருக்குப் போனது. மீதி சில மாதங்களில் விளையாட்டுப் பந்தயத்திலும் போதையிலும் கரைந்தது. இழந்தால் தாங்கக்கூடிய பணத்தை மட்டும் பந்தயத்தில் வை, மற்றதை ஒதுக்கி வை என்பது போக்கரின் அடிப்படைப் பாடம். மேசையில் எல்லோரையும் படித்த அங்கர், இதை மட்டும் கடைசிவரை கடைப்பிடிக்கவே இல்லை.

1998 போட்டிக்கும் பணம் கட்ட பாக்ஸ்டர் தயாராக இருந்தார். அங்கர் ஆட வரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 22-ல் இறந்தார். வயது 45. நீண்டகாலப் போதைப் பழக்கம் இதயத்தைக் கெடுத்திருந்தது. பையில் சில நூறு டாலர்தான் மிச்சம்.

இறுதிச்சடங்குக்கான பணத்தை நண்பர்கள் திரட்டினார்கள். 2001-ல் போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.