செஞ்சி தேசிங்குராசன்

ஐஸ்லாந்து மக்கள் தம் முன்னோரின் பகையையும் வீரத்தையும் தலைமுறைதோறும் சொல்லிவந்து, 13ஆம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதினர். அவ்வுரைநடைக் கதைகள் 'சாகா' எனப்பட்டன. தமிழகத்தில் அத்தகைய வாழ்வுகள் கதைப்பாடல்களாயின. அவற்றுள் ஒன்று தேசிங்குராசன் கதை.

தேசிங்கின் இயற்பெயர் தேஜ்சிங். தந்தை சொரூப்சிங், முகலாயரால் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவராக அமர்த்தப்பட்ட புந்தேல இராசபுத்திரர். அவர் 1714இல் மறையவே, இளைஞரான தேசிங்கு பொறுப்பேற்றார். நிலுவைத் திறையை ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்டார். பேரரசர் அளித்த கோட்டைக்கு நவாபிடம் திறை செலுத்துவதோ எனத் தேசிங்கு மறுத்தார். எதிர்ப்படை பன்மடங்கு பெரிது என்பதை அவர் அறியாதவரல்லர்.

நண்பர் மகபத்கான் மணக்கோலத்தைக் களைந்து போருக்கு விரைந்தார் எனக் கதைப்பாடல் கூறும். சமயம் வேறாயினும் இருவரும் ஒரே களத்தில் வீழ்ந்தனர். அப்போது தேசிங்குக்கு அகவை 22. அவர்தம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவ்வம்மையார் நினைவாகவே வேலூரை அடுத்த இராணிப்பேட்டையை நவாபு அமைத்தார் என்பர்.

எவரும் அடக்கவியலாத பாராசாரிக் குதிரையைத் தில்லியில் தேசிங்கு அடக்கியதாகவும் கதைப்பாடல் பாடும். அதனை வரலாறு என்பதைவிடக் கேட்போரின் விருப்பம் எனக் கொள்வதே பொருந்தும். அவர் ஆண்ட காலம் ஓராண்டும் நிரம்பவில்லை. கதையோ தெருக்கூத்தாகவும் பெரிய எழுத்து நூலாகவும் வழங்கி, 1960இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.