ஏழு நிறங்களில் வாழ்ந்த ஓவியர் ஜாமினி ராய்

வேடதாரியை 'உருத்திராட்சப் பூனை' என்று கேலி செய்வது தமிழர் வழக்கம். மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பத்திலும் ஒரு பூனை தவக்கோலத்தில் நிற்க, எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. இதே கேலியை வங்காளத்து நாட்டுப்புற ஓவியர்களும் வரைந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகாட் கோயிலருகே பக்தர்களுக்கு மலிவாக விற்கப்பட்ட ஓவியங்களில், நெற்றியில் சமயக்குறியுடன் ஒரு பூனை வாயில் இறாலைக் கவ்வியிருக்கும். அச்சுப் படங்கள் பெருகியதும் அக்கலை நலிந்தது. அந்தப் பூனைக்கு மறுவாழ்வு தந்தவர்களுள் முதன்மையானவர் ஜாமினி ராய்.

1887ஆம் ஆண்டு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் பேலியாதோர் என்னும் சிற்றூரில் பிறந்தார். செம்மண் பூமியான அம்மாவட்டம் சுடுமண் குதிரைகளுக்குப் பெயர் பெற்றது. 1903இல், பதினாறு வயதில், கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து ஐரோப்பிய முறையைக் கற்றுத் தேர்ந்தார். செல்வந்தர்களின் உருவப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பெயரும் ஈட்டினார்.

ஆனால் 1920களில், முப்பத்தைந்து வயதையொட்டி, சோறு போட்ட அத்தொழிலையே அவர் கைவிட்டார். குடும்பத்தைக் காக்க வேண்டிய வயதில் எடுத்த இம்முடிவு வறுமையைக் கொண்டுவந்தது. எனினும் அவர் பின்வாங்கவில்லை. காளிகாட் ஓவியங்களையும் கிராமத்துப் படச்சுருள்களையும் தேடிச் சேர்த்து, அவற்றின் கோடுகளை மீண்டும் மாணவராகப் பயின்றார்.

அவர் தமக்கென வகுத்துக்கொண்டவை ஏழு நிறங்களே: செங்காவி, மஞ்சட்காவி, பச்சை, குங்குமச் சிவப்பு, சாம்பல், நீலம், வெள்ளை. கல்பொடி, வண்டல் மண், அவுரி, சுண்ணம் முதலியவற்றிலிருந்து வண்ணங்கள் பிறந்தன. அவற்றில் புளியங்கொட்டைக்கும் பங்குண்டு. கோடுகளுக்கு விளக்குக் கரி. சீமைத் துணிக்குப் பதில் உள்ளூர்த் துணி, பாய், பலகை.

இந்த எளிமையில்தான் அவருடைய விலங்குகள் எழுந்தன. ஒரே இறாலைப் பகிர்ந்து கவ்வும் இரு பூனைகளைப் பாருங்கள். நிழல் இல்லை, ஆழம் இல்லை. தட்டையான நிறத்தைத் தடித்த கருங்கோடு வளைக்கிறது. அகன்ற கண்கள் நம்மையே நோக்குகின்றன. காளிகாட்டில் மேலோங்கிய கேலி இங்கே பின்வாங்கி, கோட்டின் அழகு முன்னே வருகிறது. பூனை போலியின் சின்னம் என்பது பழைய பொருள். அதைத் தீட்டிய மண்ணும் கரியும் வங்காளக் கிராமத்தின் சின்னங்களாயின என்பது ஜாமினி சேர்த்த புதுப்பொருள் எனலாம்.

சாமானியர் வீட்டிலும் ஓவியம் இருக்கவேண்டும் என்று விரும்பிய அவர், மகன்களின் துணையுடன் ஒரே படத்தைப் பலமுறை வரைந்து குறைந்த விலைக்கு விற்றார். அசல் எது, படி எது என்ற குறைகூறலையும் பொருட்படுத்தவில்லை. 1946இல் இலண்டனிலும் 1953இல் நியூயார்க்கிலும் கண்காட்சிகள் நடந்தன. 1954இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1972இல் மறைந்தார். 1976இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவித்து, நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்லத் தடை விதித்தது.

பட்டமும் பிழைப்பும் ஒருபுறம் இழுக்க, வேர் மறுபுறம் அழைக்கும் பருவத்தில் நாம் இருக்கிறோம். மேலைக்கலையை முழுதாகக் கற்ற பிறகே ஜாமினி தம் மண்ணைத் தேர்ந்தார். அறியாமையால் அன்று, அறிந்து திரும்பியதால்தான் அவருடைய ஏழு நிறங்களுக்கு அத்தனை வலிமை.