முகங்களைத் திருப்பிக் கொடுத்த சுசான் நோயல்

முதலாம் உலக யுத்தம் முடிந்தபோது பிரான்ஸில் ஆயிரக்கணக்கானோர் தாடையும் மூக்கும் சிதைந்து வீடு திரும்பினர். உடைந்த முகத்தவர்கள் என்றே அவர்களை அந்நாட்டு மக்கள் அழைத்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்களில் ஒருவர் சுசான் நோயல். யுத்தத்தின் அடையாளத்தை முகத்தில் சுமந்து வாழும் என் போன்றவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெண் அவர்.

1878இல் பிரான்ஸின் லான் நகரில் பிறந்த சுசான், திருமணமான பின்னரே மருத்துவம் படிக்கத் தொடங்கினார். 1912இல், புகழ்பெற்ற நாடக நடிகை சாரா பெர்னார் அமெரிக்காவில் முகத்தை இளமையாக்கும் சிகிச்சை பெற்றுத் திரும்பிய செய்தி அவரது ஆர்வத்தைத் தூண்டியது. பின்னர் யுத்தம் வந்தது. பாரிஸின் வல் து கிராஸ் இராணுவ வைத்தியசாலையில், மொரெஸ்தான் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம், சிதைந்த முகங்களைச் சீரமைக்கும் கலையைக் கற்றார்.

அவரது சொந்த வாழ்க்கை துயரம் நிறைந்தது. 1918இல் கணவரை இழந்தார். 1922இல் மகளை இழந்தார். 1924இல் இரண்டாவது கணவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில்தான் ஐரோப்பியப் பெருநிலப்பரப்பின் முதலாவது சொரப்டிமிஸ்ட் பெண்கள் கழகத்தைப் பாரிஸில் அவர் தொடங்கினார். பெண்களின் வாக்குரிமைக்காகவும் குரல் கொடுத்தார்.

நெற்றியையும் கன்னத்தையும் உயர்த்த, தலைமயிர் தொடங்கும் விளிம்பிலும் காதோரத்திலும் தோலைச் சிறு துண்டுகளாக வெட்டி எடுத்துத் தைப்பது அவரது முறை. விறைப்பூசி மட்டும் போடப்படும். சிகிச்சை பெற்றவர் அன்றே வீடு செல்வார். தழும்பை மயிர் மறைக்கும். ஆனால் தோலை மட்டும் இழுப்பதால் பலன் நீடிக்காது; மீண்டும் செய்ய நேரிடும். முகம் வாடியதால் வேலை இழந்த பெண்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களுக்கு இது ஆடம்பரமல்ல, வயிற்றுப்பாடு என்பதையே 1926இல் வெளியான தனது நூலில் அவர் வாதிட்டார்.

இரண்டாம் உலக யுத்தத்தில், ஜேர்மன் இரகசியப் பொலிஸார் தேடியவர்களின் முகங்களை மாற்றி அவர்கள் தப்ப உதவினார். யுத்தம் முடிந்ததும் வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களுக்குச் சிகிச்சையளித்தார். 1954இல் காலமானார்.

அவருக்குப் பின்னர் முறைகள் பல வந்துவிட்டன. ஒரு காதிலிருந்து மறு காதுவரை உச்சந்தலையில் வெட்டி நெற்றி முழுவதையும் உயர்த்துவது ஒன்று. பலன் நீடிக்கும், ஆனால் வெட்டுக்குப் பின்னால் தலை மாதக்கணக்கில் விறைத்துக் கிடக்கலாம், தழும்போரம் மயிர் உதிரலாம், நெற்றியும் அகலமாகலாம். 1990களில் பரவிய கமரா முறையில் சில சிறு வெட்டுகளே உண்டு. விறைப்பும் தழும்பும் குறைவு. ஆயினும் புருவம் மீண்டும் இறங்க இடமுண்டு. மூன்றாவது, புருவத்துக்கு நேர் மேலே வெட்டித் தூக்குவது. தழும்பு வெளியே தெரியும். ஆனால் முகநரம்பு அறுபட்டுப் புருவம் சரிந்தவர்களுக்குப் பெரிதும் பொருந்துவது இதுதான்.

எனக்குச் செய்ததும் இதுவே. 2009இல் செல் துண்டு பட்டு இடது புருவம் கண்ணின் மேல் சரிந்தது. மேலே பார்ப்பதென்றால் விரலால் புருவத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டு கிழமை கண் வீங்கிக் கறுத்திருந்தது. நெற்றியின் விறைப்பு போக மாதங்கள் எடுத்தன. இந்த வயதில் உனக்கு ஏன் அழகு என்று உறவினர் சிலர் கேட்டார்கள். இப்போது இரண்டு கண்களாலும் பார்த்துத் துணி தைக்கிறேன்.

நம்மிடையே இன்னும் பலர் இப்படிப்பட்ட காயங்களோடு கூச்சப்பட்டு வீட்டுக்குள் இருக்கிறார்கள். வைத்தியரிடம் போங்கள். எங்கே வெட்டுவார்கள், தழும்பு எங்கே வரும், விறைப்பு எவ்வளவு காலம் நீடிக்கும், கண் முழுதாக மூடுமா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.